ஹைமாவில் கொடி பறந்த பக்கம்

சோஹாரை விட்டுப் போன தென்னாப்பிரிக்கக்காரர்
எங்களிடம் தள்ளிவிட்ட கேம்பர் அது.
கதவு ஒருபக்கம் தொங்கும்.
அடுப்பில் ஒரு பர்னர் பற்றாது.
மற்றபடி நல்ல வண்டி என்றார் தஸ்தகீர்.
அந்த ‘மற்றபடி’யை நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கணக்கு என் வேலை.
பகலில் டைல்ஸ் கம்பெனிக்கு
இரவில் எங்களுக்கு.

சாரல் பார்க்கச் சலாலாவுக்கு இழுத்துப் போனோம்.
ஆதம் தாண்டியதும் தெரிந்துவிட்டது,
காற்றுக்கு எங்களைப் பிடிக்கவில்லை.
பஜீரோவின் தலைக்கு மேல் முக்கால் மீட்டர்
துருத்திக்கொண்டு நின்றது கேம்பரின் நெற்றி,
செங்குத்தாய், வெள்ளையாய்,
கல்யாண வீட்டு வாசலில் வழிமறித்து நிற்கும்
பெரிய மனிதரைப் போல.
முட்டி முட்டிப் பார்த்த காற்று
கோபத்தையெல்லாம் பெட்ரோலில் காட்டியது.
நூறு கிலோமீட்டருக்கு இருபத்தோரு லிட்டர்.
அடிக்கோடு போட்டேன். இரண்டு கோடு.

ஹைமா பங்கில் ஒரு லாரி நின்றது.
கேபின் மேலே சாய்ந்த தகடு.
தஸ்தகீர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
டீ ஆறி ஆடை கட்டும்வரை.
‘காத்த மேல ஏத்தி விட்டுடுறான் பாரு.’

சலாலா சனாயாவில்
மொஃபிசுல் என்ற வெல்டர்
அலுமினியத் தகட்டை வளைத்துக் கொடுத்தார்.
கூரைக் கம்பியில் நாலு கிளாம்ப்,
சாய்வை மாற்ற மூன்று துளை.
அறுபத்திரண்டு ரியால்.
மழையில் நனைந்த மலையைப் பார்க்க வந்தவர்கள்
இரண்டு நாள் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தோம்.

என் சிவப்பு ரிப்பனைத் துண்டு துண்டாக வெட்டி
கேம்பர் நெற்றியில் வரிசையாக ஒட்டினோம்.
வண்டி ஓட, ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப் படம் பிடித்தேன்.
மேல் வரிசை படிந்து கிடந்தது,
எண்ணெய் வைத்து வாரிய தலையாக.
கீழ் வரிசை பேயாடியது.
நடுத் துளை என்று முடிவானது.

திரும்பும்போது பதினைந்து புள்ளி எட்டு!
தும்ரைத் தொடங்கி ஹைமா வரை
அந்த எண்ணையே பாடிக்கொண்டு வந்தார்.
பங்கில் அவர் பில்லைப் பார்த்தார்.
நான் கம்பத்தைப் பார்த்தேன்.
கொடி
நாங்கள் போகும் திசையிலேயே பறந்துகொண்டிருந்தது.
தெருவோரப் பிளாஸ்டிக் பை ஒன்று
எங்களுக்கு முன்னால் சோஹாருக்குக் கிளம்பிவிட்டது.
முதுகைத் தள்ளும் காற்றுக்கு
நெற்றியில் தகடு எதற்கு?

சொல்லவில்லை.
பென்சிலால் எழுதி வைத்தேன்.

அடுத்த வருஷம் அதே சாலை, அதே எதிர்க்காற்று,
அதே தொங்கும் கதவு.
பத்தொன்பது புள்ளி நாலு.
இந்தத் தடவை அவர்தான் கேட்டார், தயங்கி:
‘எவ்ளோ வருது?’
நோட்டைக் காட்டினேன்.
நூறுக்கு ஒன்று புள்ளி ஆறு மிச்சம்.
இப்படியே போனால்
தகட்டுக் காசு திரும்ப ஏழு வருஷம் சொச்சம்.
விசாவோ இரண்டிரண்டு வருஷமாகத்தான் நீள்கிறது.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
பொட்டல் இரண்டு பக்கமும் பேசாமல் வந்தது.

சொல்ல மறந்துவிட்டேன்,
தொண்ணூற்றைந்தைத் தொட்டால் தகடு விசிலடிக்கும்.
பிரஷர் குக்கர் மாதிரி, ஆனால் நிற்காமல்.
அதற்குப் பயந்து தஸ்தகீர்
தொண்ணூறைத் தாண்டுவதில்லை.
முன்பெல்லாம் நூற்றுப் பத்து.

அப்படியானால்
அந்த ஒன்று புள்ளி ஆறு
தகட்டின் சம்பாத்தியமா,
மெதுவாகப் போனதன் சம்பாத்தியமா?

எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல்
அந்த ஒரு கட்டத்தை மட்டும்
காலியாக விட்டிருக்கிறேன்.